சாணை சுற்றவில்லையா? சந்தா கட்டினாயா?

மரக்கடைசல் பட்டறையில் சாணை மெஷின் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே சுற்றாமல் நின்றால், எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் சொல்வார். ஒன்று, கண்டென்சர் போயிருக்கும். இல்லையென்றால், உள்ளே இருக்கிற ஸ்டார்ட்டிங் சுவிட்சில் மரத்தூள் அடைத்திருக்கும். 1860களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் சாணை நின்றுபோனால் கேட்கப்பட்ட முதல் கேள்வியே வேறு: "சங்கத்துக்குச் சந்தா கட்டினாயா?"

கடைசல் உளி, ரம்பம், கத்தி, முள்கரண்டி என்று கூராக இருக்கும் எதையும் உலகத்துக்குக் கப்பலேற்றிய ஊர் அது. அதற்கெல்லாம் கூர் பிடித்தவர்கள் சாணைக்காரர்கள். கல்லுக்குப் பின்னால் ஒரு மரச் சேணம். அதில் குதிரை ஏறியதுபோல் காலைப் பரப்பி உட்கார்ந்து, சுற்றுகிற கல்லின் மேல் கவிழ்ந்து வேலை பார்ப்பார்கள். எஞ்சின் தண்டிலிருந்து வரும் தோல் பட்டைதான் கல்லைச் சுற்றும். சில நாள் கல் பாதியில் வெடித்து, சவாரிக்காரனையும் தூக்கிக்கொண்டு போகும்.

கல்லுக்குத் தப்பியவனைத் தூசி பார்த்துக்கொண்டது. தண்ணீர் விடாமல் தீட்டுபவர்களின் சராசரி ஆயுள் 35ஐத் தொடுவதே கஷ்டம், தண்ணீர் விட்டுத் தீட்டுபவர்கள் 45ஐத் தாண்டுவது அபூர்வம் என்று உள்ளூர் டாக்டர் ஒருவர் எழுதிவைத்தார். கார்ல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் அதை எடுத்து 1845இல் வந்த தன் புத்தகத்தில் போட்டார். அதற்கு முன்பே ஆபிரகாம் என்ற புண்ணியவான் இரும்புத் தூளைக் காந்தம் வைத்து இழுக்கும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். சாணைக்காரர்கள் கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆயுசு கூடினால் ஆள் கூடும், ஆள் கூடினால் கூலி குறையும் என்பது அவர்கள் கணக்கு. பொருளாதாரப் பேராசிரியர்கூட அதில் தப்புக் காண முடியாது. மூச்சுவிடத்தான் முடியாது.

இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம் என்றால் உயிர். ஆனால் சந்தாவை வசூலிக்கச் சட்டம் துணைக்கு வராது. அதனால் அவர்களே ஒரு வழி வைத்திருந்தார்கள். பாக்கி வைத்தவன் காலையில் பட்டறைக்கு வந்து பார்த்தால் பட்டையைக் காணோம். நட்டையும் காணோம். கேட்டால், எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்பார்கள். நட்டுக் கழற்றத் தெரிந்த எலி. சில சமயம் கடிதாசும் வரும், அடியில் 'மேரி ஆன்' என்று கையெழுத்துப் போட்டு. விவரம் தெரிந்தவன் போலீஸுக்குப் போகமாட்டான். நேரே சங்கச் செயலாளரைப் பார்த்து, பாக்கியோடு தண்டத்தையும் கட்டுவான். பட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று தகவல் வந்துவிடும். இன்றைய எந்த சர்வீஸ் சென்டருக்கும் இந்த வேகம் வராது.

கட்டமாட்டேன் என்று முரண்டு பிடித்தால், கல்லுக்கு அடியில் இருக்கிற தொட்டியில் வெடிமருந்து வைப்பார்கள். கூர் பிடிக்க ஆரம்பித்ததும் பொறி பறக்கும். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ரம்பச் சாணைக்காரர் சங்கத்தின் செயலாளர் வில்லியம் பிராட்ஹெட். சாராயக்கடையும் நடத்திவந்தார். எங்கே குண்டு வெடித்தாலும் அவருடைய கண்டனம் பேப்பரில் வந்துவிடும். அவ்வளவு பொறுப்பான மனிதர். 1866 அக்டோபரில், சங்கத்தை விட்டு விலகிய ஃபெர்னஹோ என்பவர் வீட்டில் வெடி வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் தப்பித்தார்கள், ஊர்தான் தாங்கவில்லை. 1867இல் விசாரணைக் கமிஷன் வந்து உட்கார்ந்தது. உண்மையை முழுசாகச் சொன்னால் தண்டனை கிடையாது என்றது. உடனே ஷெஃபீல்டில் சத்தியம் பீறிட்டுக் கிளம்பியது. லின்லி என்பவர் அளவுக்கு மீறித் தொழில் பழகும் பையன்களைச் சேர்த்துக்கொண்டார் என்று 1859இல் அவரைச் சுட்டார்கள். அடுத்த வருடம் அவர் செத்துப்போனார். சுடக் காசு கொடுத்தது நான்தான் என்று சாட்சிக் கூண்டில் சொன்னார் பிராட்ஹெட். சுட்டவர்களும் ஒத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் மன்னிப்புச் சான்றிதழ் கிடைத்தது. கொலைக்கு மன்னிப்பு, ஆனால் சாராயக்கடை லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். ஒழுக்கம் என்று ஒன்று வேண்டுமல்லவா! அவர் அமெரிக்கா போய்ப் பார்த்து, திரும்பி வந்து மளிகைக்கடை வைத்து, 1879இல் காலமானார். சங்கங்களுக்கு 1871இலேயே சட்ட அங்கீகாரம் கிடைத்துவிட்டது. பட்டையைத் திருடி வசூல் செய்கிற வேலையும் மெல்ல ஓய்ந்தது.

இன்றைய சாணை மெஷினில் பட்டையே இல்லை, தூக்கிப் போக. சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குத் தானாகக் கிளம்பத் தெரியாது. எந்தத் திசையில் சுற்றுவது என்று கண்டென்சர்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும். அது செத்துவிட்டால், குச்சியால் எந்தப் பக்கம் தள்ளிவிட்டாலும் அந்தப் பக்கமே ஓடும், கொள்கை கிடையாது. தள்ளித் தள்ளியே பல மாதம் ஓட்டுகிற பட்டறைகள் உண்டு. அந்த வித்தை வேண்டாம், விரல் போய்விடும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சரில் மிச்சமிருக்கும் கரண்டையும் இறக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். தூளைத் துடைத்து, சுவிட்சின் முனைகளைச் சுத்தம் செய்து, அப்போதும் கிளம்பாவிட்டால் அதே அளவில் புதுக் கண்டென்சர் போடுங்கள். கல்லைக் கழற்ற நேர்ந்தால், இடப்பக்க நட்டுக்கு மரை தலைகீழ். வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும். திரும்ப மாட்டும் முன் உளியின் மரப்பிடியால் கல்லை லேசாகத் தட்டிப் பாருங்கள். 'ணங்' என்றால் மாட்டலாம். 'சொத்' என்றால் உள்ளே விரிசல் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.