உட்கட்சித் தேர்தலும் ஊரார் கேள்விகளும்

கட்சிக்குள் நடைபெறும் தேர்தலில் தகராறு முளைத்தால் அதனை எவ்விதம் தீர்ப்பது உசிதம் என்று சென்ற இதழில் அபிப்பிராயம் கேட்டிருந்தோம். பேரணாம்பட்டு வட்டாரத்து வாசகர்கள், அபிப்பிராயம் சொன்னால் எந்தக் கட்சிக்காரர் கோபித்துக்கொள்வாரோ என்ற முன்யோசனையுடன், கேள்விகளாகவே அனுப்பிப் பொறுப்பை நம் தலையில் கட்டிவிட்டார்கள்.

கேள்வி: கட்சிக்குள் எவர் ஜெயித்தால் எனக்கென்ன? நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். (பேரணாம்பட்டு, கடைவீதி வாசகர்)

பதில்: வாக்குச்சாவடியில் தங்கள் எதிரே உள்ள யந்திரத்தில் வரிசையாகக் காணப்படும் பெயர்களுள் ஒன்றைத் தாங்கள் சர்வ சுதந்திரத்துடன் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஆனால் அந்தப் பெயர்கள் அங்கே எப்படி வந்தன என்று விசாரிப்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தாங்கள் செய்வது பாதி வேலை. மீதிப் பாதியை வேறு சிலர், தங்களைக் கேளாமலே, முன்கூட்டிச் செய்து முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் வேட்பாளரைக் கட்சித் தொண்டர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, நம் நாட்டில் அது நடக்காதா? (ஆம்பூர், காலணித் தொழிற்சாலை ஊழியர்)

பதில்: நடந்ததே! 2014 நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் அதைப் பரீட்சித்துப் பார்த்தது. குஜராத்தின் வதோதராவில் நரேந்திர ராவத் என்பவர் முறைப்படி வாக்குப் பெற்றுத் தேர்வானார். பின்னர் அதே தொகுதியில் நரேந்திர மோடி நிற்கப்போகிறார் என்ற செய்தி வந்ததும், தேர்வானவர் விலக, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளரானார். தொண்டர்களின் வாக்கு எவ்வளவு கனமானது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமோ?

நம் பக்கத்தில் 2023-இல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னத்தை யாருக்குக் கொடுப்பது என்று அண்ணா தி.மு.க.வின் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் ஆகிய இரு அணியாரும் மல்லுக்கு நிற்க, வேட்பாளரைப் பொதுக்குழு உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 3-ஆம் தேதி இடைக்கால ஏற்பாடு ஒன்றைச் சொல்லிற்று. உறுப்பினர்களுக்குப் படிவமும் சென்றது. அதில் இருந்த பெயர் கே.எஸ்.தென்னரசு ஒன்றேதான் என்று பன்னீர்செல்வம் அணியினர் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபித்த பின் தம் வேட்பாளரையும் விலக்கிக்கொண்டார்கள். ஒரே பெயரை எழுதி ‘சம்மதமா, இல்லையா’ என்று கேட்பது கல்யாண வீட்டில் சரி, தேர்தலுக்குச் சரிப்படாது. கடைசியில் ஈரோட்டு வாக்காளர்கள் காங்கிரஸ் வேட்பாளரான ஈ.வெ.கி.ச.இளங்கோவனை 66,000-க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள்.

கேள்வி: தேர்தலில் அரை ஓட்டு உண்டா? அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த என் மருமகன் உண்டு என்று சாதிக்கிறான். (வாணியம்பாடி)

பதில்: மருமகன் பொய் சொல்லவில்லை. 2008-இல் டெமாக்ரடிக் கட்சியின் புளோரிடா, மிச்சிகன் மாநிலத்தார், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்வதற்கான தங்கள் உட்தேர்தலைக் கட்சி விதித்த தேதிக்கு முன்னதாகவே நடத்தினார்கள். கட்சி மாநாட்டுக்கு அவர்கள் அனுப்பும் பிரதிநிதிகளே செல்லார் என்று கட்சி தண்டித்தது. மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. ஹிலாரியின் பெயர் இருந்தது. அந்த வாக்குகளை எண்ணு என்று ஒரு சாராரும், எண்ணாதே என்று மறு சாராரும், மறுபடி நடத்து என்று நடுநிலைக்காரரும் கூச்சலிட, மே மாதக் கடைசி நாளில் கூடிய விதிக் குழு, பிரதிநிதி ஒவ்வொருவருக்கும் அரை ஓட்டு என்று பங்கிட்டுக் கொடுத்தது. ஆகஸ்டில் வேட்பாளர் யார் என்பது நிச்சயமான பின், பெருந்தன்மையுடன் முழு ஓட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பயன்படாத காலத்தில் உரிமையை வழங்குவதில் எல்லா தேசத்துக் கட்சிகளும் தாராள மனத்தினர்.

கேள்வி: எடப்பாடியார், ஓ.பி.எஸ். இருவரில் நியாயம் யார் பக்கம்? மழுப்பாமல் சொல்லவும். (மேல்பட்டி)

பதில்: சட்டப்படி கேட்கிறீர்களாயின், 2022 ஜூலை 11-ஆம் தேதி வானகரத்தில் கூடிய பொதுக்குழு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரி 23-இல் கூறிவிட்டது, மார்ச் 28-இல் பழனிசாமி போட்டியின்றிப் பொதுச்செயலாளரும் ஆகிவிட்டார். நியாயப்படி கேட்கிறீர்களாயின், கதை சற்றுப் பின்னாலிருந்து தொடங்குகிறது. பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. ஜெயலலிதா மறைந்தபின் 2017 செப்டம்பரில் அந்தப் பதவியையே எடுத்துவிட்டு இரட்டைத் தலைமை ஏற்படுத்தியபோது, இருவரும் சேர்ந்தே கையெழுத்திட்டார்கள். 2021 டிசம்பரில் அந்த இரட்டைப் பதவிக்கே தேர்தல் என்று அறிவித்து, மனு வாங்க வந்த தொண்டர் ஒருவர் அடிபட்டுத் திரும்பிய செய்தி வெளிவந்த சில நாட்களில், இருவரும் போட்டியின்றி வெற்றி பெற்றபோதும் சேர்ந்தே மாலை சூடினார்கள். 2022 ஜூலையில், பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிடுவோரைப் பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியவும், பத்துப் பேர் வழிமொழியவும் வேண்டும் என்று விதி வந்தபோதுதான் ஒருவருக்குத் தொண்டர்களின் உரிமை ஞாபகம் வந்தது. விதியை வளைத்த குற்றத்தில் இருவருக்கும் பங்கு உண்டு. வளைந்த விதி ஒருவருக்கு மட்டுமே பயன்பட்டது. மழுப்பவில்லை அல்லவா?

கேள்வி: அப்படியானால் தகராறை எப்படித்தான் தீர்ப்பது? கோர்ட்டா, தேர்தல் கமிஷனா? (பேரணாம்பட்டு, டேனரி ஊழியர்)

பதில்: இந்தக் கேள்வியைத் தாங்கள் எம்மிடம் கேட்பதுதான் வேடிக்கை. தங்கள் டேனரியில் பதனிட்ட தோலைத் தரம் பிரிக்கும் ‘செலக்‌ஷனில்’ வாங்குபவருக்குச் சந்தேகம் வந்தால் என்ன செய்கிறீர்கள்? கட்டை அவிழ்த்து, வெளிச்சத்தில் மேஜைமேல் ஒவ்வொரு தோலாக விரித்து, உண்ணி கடித்த வடு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல் எல்லாவற்றையும் விரலால் தடவிக் காட்டி, இரு தரப்பாரும் பார்த்திருக்க மறுபடி பிரிக்கிறீர்கள். கட்டை அவிழ்த்த பிறகு, முதல் தரம் என்றால் இன்னது என்ற இலக்கணத்தை மாற்றிக்கொள்ள எந்த வியாபாரியும் சம்மதிக்கமாட்டான். கட்சிக்கும் அதுவே போதும்: தேர்தலுக்கு முன் இருந்த விதி, போட்டியில் பங்கில்லாத ஒருவரின் மேற்பார்வை, இரு தரப்பும் பார்க்க மறு எண்ணிக்கை, தேவையானால் மறு வாக்குப்பதிவு. கோர்ட்டு கூட்டம் செல்லுமா என்று பார்க்கும். கமிஷன், 1968-ஆம் ஆண்டுச் சின்ன ஆணைப்படி, சின்னம் யாருக்கு என்று பார்க்கும். கடைசித் தொண்டன் யாரை விரும்பினான் என்பதை எண்ணிப் பார்ப்பது கட்சியின் கடமை. கட்சியோ தொண்டனைக் கூட்டம் சேர்க்கும்போது மட்டுமே எண்ணுகிறது.

கேள்வி: ‘ஏகமனதாகத் தேர்வு’ என்று பத்திரிகையில் வருகிறதே? (உமராபாத்)

பதில்: மாற்று மனம் படைத்தவர் அன்று ஊரில் இல்லை என்று பொருள் கொள்ளவும்.

கேள்வி: தோற்றவரை ஜெயித்தவர் எப்படி நடத்த வேண்டும்? (குடியாத்தம்)

பதில்: தங்கள் ஊரே அதற்குச் சாட்சி. 1954-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து ராஜாஜி விலகியபின் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குப் போட்டி நிகழ்ந்து, காமராஜர் 93 வாக்குகளும் சி.சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றார்கள். தோற்ற சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் காமராஜர் தம் மந்திரி சபையிலேயே சேர்த்துக்கொண்டார். முதலமைச்சரான பின் சட்டமன்றத்தில் இடம் வேண்டுமே என்று அவர் வந்து நின்றதும் தங்கள் குடியாத்தம் தொகுதியில்தான், பெரியாரும் தி.மு.க.வினரும் ஆதரிக்க, கம்யூனிஸ்ட் வேட்பாளரை எதிர்த்து ஜெயித்தார். இதற்கு நேர்மாறான காட்சியும் அதே காங்கிரஸில் உண்டு. 1939-இல் பட்டாபி சீதாராமையாவை 200-க்கு மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்று தலைவரான சுபாஷ் சந்திர போஸ், காரியக் கமிட்டி அமைக்கவும் வழியின்றி ஏப்ரலிலேயே ராஜிநாமாச் செய்ய நேர்ந்தது. எண்ணிக்கையில் தகராறு இல்லாத தேர்தலும் தோற்றவர் மனம் வையாவிட்டால் இப்படித்தான் முடியும்.

கேள்வி: உறுப்பினர் அல்லாத வாக்காளர்கள் இத்தகராறில் தலையிட வழியே கிடையாதா? (பேரணாம்பட்டு, வி.கோட்டா சாலை)

பதில்: 1989 ஜனவரிச் சட்டமன்றத் தேர்தலில் தலையிட்டார்களே! எம்.ஜி.ஆர். மறைந்தபின் பிளவுபட்ட அண்ணா தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சேவலுக்கு 27 இடங்களைக் கொடுத்து, ஆண்டிபட்டியில் ஜானகி அம்மையாரையே தோற்கடித்து, கட்சி யாருடையது என்று ஜனங்கள் சொல்லிவிட்டார்கள். கூடவே ஆட்சியைத் தி.மு.க.விடம் கொடுத்தார்கள். ஊரார் தீர்ப்பில் செலவுத் தொகை எப்போதும் கொஞ்சம் அதிகம்.

கேள்வி: இருபது வருஷமாக உறுப்பினர் அட்டை வைத்திருக்கிறேன். கட்சித் தேர்தலில் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. நான் என்ன செய்யலாம்? (பேரணாம்பட்டு, கட்சியின் பெயரை வாசகரே எழுதவில்லை)

பதில்: ஒவ்வொரு பதிவு பெற்ற கட்சியும் தன் சட்டதிட்டத்தைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுத்தே பதிவு பெறுகிறது. அதை வரவழைத்து, அமைப்புத் தேர்தல் என்ற பகுதியைப் படியுங்கள். படித்த பின் எழும் கேள்வியை எமக்கு அனுப்ப வேண்டாம். நகரச் செயலாளருக்கு, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள்.