றைவருக்கு ஒரு நன்றி

கேள்வி: காசு குடுத்துத்தானே பஸ்ஸில ஏறுறம். இறங்கேக்க றைவருக்கு நன்றியும் சொல்ல வேணுமோ?
- நெல்லியடி வாசகர்

பதில்: சொல்லுங்கோ. காசு டிக்கெற்றுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடம் விட்ட நேரம், புத்தகப்பை முதுகில் துள்ள ஓடிவரும் பிள்ளையைக் கண்ணாடியில் கண்டு பிறேக்கை மிதிக்கிறாரே, அதற்கு எந்த டிக்கெற்றிலும் விலை போட்டிருக்கவில்லை.

எல்லா றைவரும் இப்படி இல்லையே என்பீர்கள். அதற்கும் காரணம் இருக்கிறது. 1958இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. எழுபதுகளின் கடைசியில் தனியாரும் திரும்ப வந்தார்கள். இன்று பருத்தித்துறை வீதியில் இரண்டும் ஓடுகின்றன. மினிபஸ்காரருக்கு அன்றைய வசூல்தான் அன்றைய சம்பளம். அவர் சந்திக்குச் சந்தி காத்து நிற்பதும் பிறகு பறப்பதும் அதனால்தான். பறப்பதை நான் ஒருநாளும் நியாயப்படுத்தமாட்டேன். வயதான அம்மா ஒரு கால் நிலத்தில் வைக்கமுன் "றைட்" சொல்லும் கொண்டக்டரையும்தான்.

ஆனால் மரியாதை எங்களிடம் இல்லாத பண்டமில்லை. நெரிசலில் தொங்கி நிற்பவரின் பையை, "இஞ்ச தாங்கோ" என்று வாங்கி மடியில் வைத்திருக்கும் முன்பின் தெரியாத சனம் இது! அந்தக் கைக்கு, இறங்கும் இடம் வரமுன்னரே பெல் அடிப்பதும், சில்லறையை எடுத்து வைப்பதும் பாரமா?

பின்கதவால் இறங்கினால் நன்றி றைவருக்குக் கேட்காது. கொண்டக்டரிடம் சொல்லிவிடுங்கோ, அவருக்கும் அதில் பங்கு இருக்கிறது.