வலிக்காத புண்

1980-களில் நான் வேலை பார்த்த அரசு மருத்துவமனையில், எங்கள் ஆய்வகம் பிணவறைக்குப் போகும் வழியில் இருந்தது. மேகநோய்க்காரர்கள் அங்கேதான் வருவார்கள். எல்லாரும் ஆண்கள், தலையில் துண்டு, சீட்டில் பொய்ப்பெயர். சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, கண்ணாடித் தகட்டில் ஆன்டிஜன் சேர்த்து, நான்கு நிமிடம் சுழற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். திரிதிரியாகத் திரண்டிருந்தால் வி.டி.ஆர்.எல். ரியாக்டிவ், அதாவது மேகநோயான சிபிலிஸ் இருக்கலாம்.

மருந்து அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட். தொடக்கத்திலேயே வந்தால் ஒரே தடவை போதும். ஊசி வலிக்கும், நோய் வலிக்காது. அதுதான் இந்த சிபிலிஸின் கெட்ட குணம். தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும், வலி இருக்காது, தானாக ஆறிவிடும். பெண்ணுக்கு உள்ளே வந்தால் தெரியவே தெரியாது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம். அதுவும் மறையும், கிருமி மட்டும் தங்கிவிடும். பல வருடம் கழித்துக்கூட இதயத்தையும் மூளையையும் தாக்கும்.

புண் ஆறியதும் பாதிப்பேர் திரும்ப வரமாட்டார்கள். வீட்டில் மனைவிக்குக் கரு கலையும், பிள்ளை இறந்தே பிறக்கும். அவளைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனவர்கள் ஒரு சொட்டு ரத்தம் கொடுக்கக் கூட்டி வரவில்லை. நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இப்போது என் தங்கை மகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே வேலை பார்க்கிறாள். கர்ப்பிணிகளுக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு, ஒரே கிட்டில் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும், இருபது நிமிடம். தாய்க்கு நேரத்தோடு ஊசி போட்டால் குழந்தையையும் காப்பாற்றிவிடலாம். "இப்பல்லாம் பொம்பளைங்க வந்துடறாங்க மாமா. புருஷங்களைத்தான் தேட வேண்டியிருக்கு" என்றாள்.

போன மாதம் நடந்ததைப் பெயர் சொல்லாமல் சொன்னாள். ஐந்து மாதக் கர்ப்பிணி, ஊசி போட்டாகிவிட்டது. கணவர் கேட்டுக்கு வெளியே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். இவளே போய்ச் சொல்லியிருக்கிறாள்: "அண்ணே, ஒருதடவை குணமானா மறுபடி வராதுன்னு இல்லை. நீங்க போட்டுக்கலேன்னா அக்காவுக்குத் திரும்ப வரும். டாக்டர் சொல்றவரைக்கும் சேராதீங்க. ஆணுறை நல்லதுதான், ஆனா அது மூடாத இடத்துல புண் இருந்தா தொத்திக்கும்."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு, "ஊசி எங்கே போடுறாங்க?" என்று கேட்டிருக்கிறார்.