வாங்கிய விலை எங்கே?

கேள்வி: அப்பா காலமானபின் அவருடைய பங்குகள் என் டீமேட் கணக்குக்கு வந்தன. கணக்கு மென்பொருளில் வாங்கிய விலை 0 என்று காட்டுகிறது. விற்றால் மொத்தமும் லாபம்தானா?

பதில்: இல்லவே இல்லை! பங்கு வீடு மாறிவிட்டது. விலைச்சீட்டு அப்பாவின் பீரோவிலேயே தங்கிவிட்டது. வருமான வரிச் சட்டப்படி அப்பா கொடுத்த விலைதான் உங்கள் விலை. அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்குச் சேரும். பழைய கான்ட்ராக்ட் நோட்டுகளைத் தேடியெடுத்து, தேதியும் விலையுமாக ஒவ்வொரு கொள்முதலையும் தனித்தனியே ஏற்றுங்கள். 2018 பிப்ரவரிக்கு முன் வாங்கியதா? அந்த ஜனவரி 31-ஆம் தேதி சந்தையில் தொட்ட உச்ச விலையையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். வரி குறைய அது கைகொடுக்கலாம்.

இனி நீங்களே வாங்கும்போதும் சராசரி விலையை நம்பாதீர்கள். 200 ரூபாய்க்கு 100 பங்கு, பிறகு 500 ரூபாய்க்கு 100 பங்கு வாங்கினால், பல மென்பொருள்கள் 350 என்று போட்டுவிடும். 100 பங்கை 600-க்கு விற்றால் லாபம் 25,000 என்று தோன்றும். ஆனால் டீமேட் கணக்கு ரேஷன் கடை வரிசை மாதிரி: முதலில் வந்தது முதலில் போகும். வரிக்கணக்கில் லாபம் 40,000!

2018 ஜனவரிக்குப் பிறகு கிடைத்த போனஸ் பங்குக்கு 0 என்று இருந்தால் மட்டும் கை வைக்காதீர்கள். அது சரிதான்.