கேண்டீன் விலைக் குக்கர்

பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவை நான் தேடிப் படித்தது சட்ட ஆர்வத்தால் அல்ல, பயத்தால். முப்படை எதிலும் இல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படைவீரரின் உடையையோ சின்னத்தையோ, அதைப் போன்ற ஒன்றையோ அணிந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூன் வரை இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் 500 ரூபாய் வரைதான். 'அதைப் போன்ற ஒன்று' என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என்னிடம் இருப்பது ஒரு தொப்பி. பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அச்சடித்தது, நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கியது. வழுக்கையை மறைக்கத்தான் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு வாயையும் திறந்ததுதான் தப்பாகிப்போனது.

ஆசை இல்லாமல் இல்லை. வாலிபத்தில் ஆள்சேர்ப்பு முகாமுக்குப் போனவன்தான். மார்பு 77 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 5 விரிய வேண்டும். டேப் பிடித்தவர் "இழு" என்றார். இழுத்தேன். "இழுடா!" என்றார். ஏற்கெனவே இழுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

வருஷங்கள் கழித்துக் கோவை ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பெரியவர். நரைத்த மீசை, முதுகு சீட்டில் சாயவே இல்லை. தொப்பியைப் பார்த்து, "சார் ஆர்மியா?" என்றார்.

"ஆமா, ரிட்டயர்டு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று என்னை யாரும் கேட்கவேண்டாம்.

"நான் ஹவில்தாரா இருந்தேன் சார், மெட்ராஸ் ரெஜிமெண்ட். வெலிங்டன்ல ட்ரெயினிங். நீங்க எங்க சார்?"

ராணுவம் சம்பந்தமாக எனக்குத் தெரிந்த ஒரே இடம், பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு பெரிய கேட். "பரங்கிமலை" என்றேன்.

பெரியவர் சட்டென்று எழுந்து நின்றார். பரங்கிமலையில் இருப்பது ஆபீசர்களுக்கான அகாடமி என்பது அப்போது எனக்குத் தெரியாது. மார்பு விரியாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் ஒரே வார்த்தையில் ஆபீசராகிவிட்டேன். டீ வாங்கித் தந்தார். காசு கொடுக்கப் போனால் கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு, "எந்த கோர்ஸ் சார்?" என்றார். அங்கே பயிற்சி பெறும் ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நம்பர் உண்டாம், அதைத்தான் கேட்டிருக்கிறார்.

"கம்ப்யூட்டர் கோர்ஸ்" என்றேன்.

பெரியவர் நிதானமாக உட்கார்ந்தார். "டீ ஆறுது, குடிங்க தம்பி" என்றார்.

இந்த வியாதியில் எனக்கொரு மூத்தவர் உண்டு, கலிபோர்னியாவில் ஒரு குடிநீர் வாரிய உறுப்பினராக இருந்த சேவியர் அல்வாரஸ். 2007-இல் ஒரு கூட்டத்தில் எழுந்து, தான் 25 வருஷம் மரைன் படையில் இருந்ததாகவும் நாட்டின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் வாங்கியதாகவும் அறிமுகம் செய்துகொண்டார். இரண்டுமே பொய். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு ஹாக்கி ஆடியதாகவும் ஒரு கதை வைத்திருந்தார். மனிதர் கஞ்சத்தனமே படவில்லை. விருது வாங்கியதாகப் பொய் சொல்வதையே குற்றமாக்கி 2006-இல் அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. அதன்படி வழக்குப் போட்டார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. வெறும் பொய்க்காக ஆளை உள்ளே தள்ளினால் பேச்சுரிமை என்னாவது என்ற கவலை. அடுத்த வருஷம் திருத்தி எழுதினார்கள்: விருதுப் பொய்யைக் காட்டிப் பணமோ சொத்தோ வேறு ஆதாயமோ பெற நினைத்தால்தான் குற்றம், ஒரு வருஷம் வரை சிறை.

ஒரு டீ ஆதாயத்தில் சேருமா என்று நான் யோசித்தது உண்மை.

நம் ஊர்ச் சட்டம் வேறு மாதிரி. வாயை விட்டுவிட்டுத் துணியைப் பிடிக்கிறது. அதிலும் நியாயம் இருக்கிறது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதன்பிறகு ராணுவமே பொதுமக்களிடம், இந்த மாதிரித் துணிகளைப் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. நான் கேட்கவில்லை. வாக்கிங் போகும்போது வெயில் மண்டையைச் சுடுகிறதே!

அந்த வாக்கிங்கில்தான் போன மாதம் எதிர் ஃபிளாட்காரர் பிடித்தார். "சார் ஆர்மியா?" ரயிலில் பட்டது போதாதா எனக்கு? "ஆமா" என்றேன். "அப்ப கேண்டீன் கார்டு இருக்கும்ல? எனக்கு ஒரு அஞ்சு லிட்டர் குக்கர் வாங்கித் தாங்களேன்."

படைவீரர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும் கேண்டீன் பொருளை வெளியாளுக்கு வாங்கித் தருவது விதிமீறல் என்று ஒரு வரி சொல்லித் தப்பித்திருக்கலாம். தோன்றவில்லை. தி.நகரில் முழு விலை கொடுத்து வாங்கி, பில்லைக் கிழித்துப்போட்டு, விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி, அது போகாமல் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்து, அறுநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அமெரிக்காவாக இருந்தால் நான் நிரபராதி, ஆதாயமே இல்லையே! 168-ஆம் பிரிவோ லாப நஷ்டம் கேட்பதில்லை. தலையில் தொப்பியும் மனசில் எண்ணமும் இருந்தால் போதும். ரயில் கணக்குக்குப் பழைய ரேட்டில் 500, குக்கர் கணக்குக்குப் புது ரேட்டில் 2,000.

குக்கர் நன்றாக விசில் அடிக்கிறதாம். மூன்றாம் மாடிக்காரர் வாஷிங் மெஷின் கேட்டிருக்கிறார். ஃப்ரன்ட் லோடிங்தான் வேண்டுமாம்.