போகிற வழிதான்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு வருகிறவர்கள், மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கனகசெட்டிக்குளத்தருகே 'புதுச்சேரி' என்ற பெயரைப் பலகையில் கண்ட மாத்திரத்தில், பிரயாணம் பூர்த்தியாகிவிட்டதென்று எண்ணித் தலைவாரிக்கொள்வது வழக்கம். வாஸ்தவத்தில் அவர்கள் வந்து சேர்ந்திருப்பது காலாப்பட்டுக்கு. இன்னும் சிறிது தூரம் போனால் பொம்மையார்பாளையத்தில் தமிழ்நாடு மறுபடியும் வந்துவிடும். கோட்டக்குப்பத்தைத் தாண்டி முத்தியால்பேட்டையில் கால் வைக்கும்போதுதான் புதுச்சேரி இரண்டாம் முறையாக ஆரம்பமாகும். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் சீமையை ஒரே துண்டாகச் சம்பாதிக்காமல், காலத்துக்குக் காலம் கிடைத்த கிராமங்களைச் சேர்த்துக்கொண்டே போனதன் பலனை நாம் இன்றும் அனுபவித்து வருகிறோம்.

இப்படி எல்லையே நிலைகொள்ளாத ஓர் ஊரில், தூரத்தைப் பற்றிச் சாமானிய மனிதர்களுக்கு இல்லாத ஒரு தாராள மனப்பான்மை உண்டாவது இயற்கை. அந்த மனப்பான்மையின் பூரண அவதாரமாக விளங்குபவர்தான் நமது ஊர்காட்டி. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய டி.வி.எஸ். 50 வண்டியொன்றும், எந்த வெயிலிலும் வாடாத உற்சாகமும் உடையவர். காலாப்பட்டில் 1985-ல் ஸ்தாபிக்கப்பட்ட மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்டக் கல்லூரி இருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. மத்திய சிறைச்சாலையும் இருக்கிறது. ஆகவே இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஏதாவதொரு காரியமாக வருகிறார்களே தவிர, ஊர் பார்க்க வருபவர் அபூர்வம். இந்தக் குறையை நிவர்த்தி செய்வதையே நமது ஊர்காட்டி தம் பிற்கால வாழ்வின் கடமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

பல்கலைக்கழக வாயிலுக்கு எதிரேயுள்ள டீக்கடையில், மகனைச் சேர்க்க வந்த ஒரு தகப்பனார் பட்டணத்துக்கு எப்போது பஸ் என்று விசாரிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மவர் முதலில் அவருடைய முகத்தைப் பார்ப்பதில்லை; செருப்பைப் பார்க்கிறார். வார் கெட்டியாக இருந்தால் மலையேறச் செஞ்சி, தேய்ந்திருந்தால் சமதரையில் நடக்கப் பாகூர்.

"பஸ் கிடக்கட்டும் சார், வந்துகிட்டே இருக்கும். எங்கே போறீங்க?"

"சிதம்பரம் போயிட்டு அப்படியே ஊருக்குப் போகலாம்னு..."

"அப்போ செஞ்சியைப் பார்த்துட்டே போயிடுங்க. போற வழிதான்."

செஞ்சி வடமேற்கே இருக்கிறது. சிதம்பரம் தெற்கே இருக்கிறது. ஆனால் ஊர்காட்டியின் பூகோளத்தில் எல்லா ஊர்களும் மற்ற எல்லா ஊர்களுக்கும் போகிற வழியிலேயே அமைந்திருக்கின்றன. காரைக்காலுக்குப் போகிறவர் தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டையைப் பார்ப்பதில் நியாயம் உண்டு. திண்டிவனத்துக்குப் போகிறவரையும் அவர் அதே கோட்டைக்கு அனுப்பிவைக்கிறார்.

அவருடைய ரசனைக்கு ஒரு தத்துவம் உண்டு. ஓர் இடத்தின் பெருமை அங்கே போகிறவர்களின் தொகை குறையக் குறைய வளரும் என்பதே அது. மகாபலிபுரத்தைப் பற்றிப் பிரஸ்தாபித்தால், ஒழுக்கம் கெட்டுப்போன உறவினரைப் பற்றிக் கேட்டதுபோல் முகம் சுளிப்பார். 1984-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்ட ஊராயிற்றே! செஞ்சியின் மேல் அவருக்கிருந்த பிரேமை அளவற்றது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளின் பெயரையும் அவர் சொல்லும் தோரணையே தனி. ஆனால் 2025 ஜூலையில், மராத்தியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக அதையும் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்ட செய்தி வந்த நாளிலிருந்து குரலில் ஒரு தளர்ச்சி தெரிகிறது. செருப்பு நன்றாக இருப்பவர்களுக்குச் சொல்கிறார். பழைய ஆவேசம் இல்லை. இப்போது அவருடைய அபிமானம் கடப்பாக்கத்துக்கு அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டையின் மேல் திரும்பியிருக்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, பத்தே வருஷத்தில் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட கோட்டை அது. இடிந்த சுவரும் கழிமுகமும் கடற்காற்றுமாக, உண்மையிலேயே அழகான இடம். இதை நான் அவருக்குப் பயந்து எழுதவில்லை.

புதுமணத் தம்பதிகளுக்கு அவர் சிபாரிசு செய்வது திருவக்கரை. அங்கே வக்கிரகாளியம்மன் கோயிலும், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன மரங்களும் இருக்கின்றன. கல்யாணமான மறுவாரமே கல்லாய்ப் போன வஸ்துவைக் காட்டுவது மங்களகரமா என்று நான் கேட்டேன். "ரெண்டு கோடி வருஷமா கெடாம இருக்கே சார், அதைவிட என்ன மங்களம் வேணும்?" என்றார்.

புதுச்சேரிப் பட்டணத்துக்கு அழைத்துப் போகும்படி கெஞ்சினால், மறுக்கமாட்டார். ஆனால் விருந்தினர் மஞ்சள் சுவர்களுக்கு முன் நின்று படமெடுத்துக்கொள்ள விரும்பும் பிரெஞ்சுத் தெருக்களை வண்டியின் வேகம் குறையாமலே கடந்துவிட்டு, வாய்க்காலுக்கு மேற்கே கொண்டுபோய், துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகைக்கு முன் நிறுத்துவார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய அந்த மகானுபாவரைப் பற்றி நடுப்பகல் வெயிலில் பேச ஆரம்பித்தாரானால், நாட்குறிப்பில் ஒரு வருஷம்கூட விடுபடாது. பிறகு 1908 முதல் பத்தாண்டுகள் இவ்வூரில் இருந்த பாரதியின் வீடு, பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. காப்பி குடிக்கலாமா என்று யாராவது கேட்டால், "வழியிலே குடிச்சுக்கலாம்" என்பார். அவருடைய வழி எவ்வளவு நீளமென்பது அதற்குள் விருந்தினருக்குத் தெரிந்திருக்கும்.

ஆயினும் அவருடைய பரம க்ஷேத்திரம் அரியாங்குப்பத்து ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேடுதான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். அவருக்குப் பின் கசால் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டினார். ரோமாபுரியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் துண்டுகளும், அங்கேயே செய்யப்பட்ட மணிகளும் அகப்பட்டன. அகப்பட்டவற்றில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தோண்டிய குழிகளையும் மூடிவிட்டார்கள். இன்று போகிறவர் கண்ணுக்குத் தெரிவது மரநிழலும், ஆறும், பிற்காலத்துச் செங்கற்சுவர் ஒன்றிரண்டுமே. ஊர்காட்டிக்கு இதைவிட வேறென்ன பாக்கியம் வேண்டும்? வெறும் தரையைக் கைகாட்டி, கப்பலை அவரே கொண்டுவந்து நிறுத்துகிறார். சாடிகளை அவரே இறக்குகிறார். யவனர்களோடு அவரே பேரம் பேசுகிறார். ஒரு சிறுமி பொறுமையிழந்து, "எங்கே தாத்தா, ஒண்ணுமே காணோமே?" என்று கேட்டாள்.

"மண்ணுக்குள்ளே இருக்கு பாப்பா. வெளியே இருந்தா யார் வேணாலும் பார்த்துடுவாங்களே!"

கீழூரிலும் இதே கதைதான். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி, பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்த இடம் அது. 170 பேர் சேரவேண்டுமென்றார்கள்; 8 பேர் வேண்டாமென்றார்கள். தேசபக்தியில் நம்மவர் யாருக்கும் இளைத்தவரல்லர். இருந்தாலும் நினைவுச் சின்னத்தின் முன் நின்றால், 170 பேரை ஒரே வாக்கியத்தில் அனுப்பிவிட்டு, அந்த எட்டுப் பேர் என்ன நினைத்திருப்பார்கள் என்று அரைமணி நேரம் ஆராய்ச்சி செய்கிறார். கூட்டம் குறைந்த பக்கம் அவருக்கு எப்போதுமே ஒரு கவர்ச்சி.

காலாப்பட்டுப் பக்கம் வர நேர்ந்தால், இவர் கையில் சிக்கிக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். அவர் காட்டுகிற இடங்களில் ஒன்றாவது சோடை போனதில்லை. தொப்பியும் தண்ணீரும் கட்டுச்சோறும் மறக்கவேண்டாம். சூரியன் அஸ்தமிக்கும்வரை மகாபலிபுரத்தின் பெயரை எடுக்கவேண்டாம். ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எப்போது என்பதை அவரிடம் கேட்காமல் டீக்கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.