நோடு படுத்தும் பாடு

“வெக்டர் ஃபைல்தான் சார், அப்படியே பிளேட் போட்டுடலாம்” என்று ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மருமகன் அனுப்பிய மயிலோடு நேற்று ராத்திரி மல்லுக்கட்டினேன். வாட்ஸப்பில் வந்து கசங்கிய படத்தை ஆட்டோ டிரேஸுக்குள் தள்ளி எடுத்த மயில். செலக்ட் செய்ததும் அம்மை போட்டதுபோல உடம்பெல்லாம் நோடு. பில் புக்கின் மூலையில் 12 மில்லிமீட்டர் அகலத்தில் அச்சாகப்போகிற மயில் அது. நானும் நம் வழக்கப்படி திரை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தோகையில் ஒரு கண். கண் என்றால் வட்டம். வட்டத்துக்கு நாலு நோடு தாராளம். நோடின் கைப்பிடி நீளம் ஆரத்தில் 0.5523 பங்கு. (அப்படிப் போட்டாலும் அது அசல் வட்டமில்லை. ஆரத்தில் கிட்டத்தட்ட 0.03 சதவீதம் பிசகும். இது தெரிந்ததிலிருந்து எந்த வட்டத்தின் மீதும் எனக்கு மரியாதை இல்லை.) இங்கே ஒரு கண்ணுக்கே நாற்பதுக்கு மேல். ஒன்றை அழித்தேன், பக்கத்திலிருந்த வளைவு தொப்பை போட்டது. தொப்பையைக் குறைக்க இடது கைப்பிடியை இழுத்தேன், வலதும் கூடவே ஆடியது. இரண்டையும் பிரித்து நோடை முனையாக்கினேன், கண்ணில் மூக்கு முளைத்தது. மூக்கை மழிக்க மறுபடி வழவழப்பாக்கினால் மறுபடி தொப்பை. கைப்பிடி திரைக்கு வெளியே ஓடிவிட்டது. அதைத் தேடச் சிறிதாக்கினால் அண்டை நோடின் கைப்பிடி மேலே படுத்திருக்கிறது. அதை நகர்த்தப் போய் டபுள் கிளிக் விழுந்து, புதிதாக ஒரு நோடு! அழித்தது ஒன்று, முளைத்தது ஒன்று, கணக்கு நேர்.

 இந்த இடத்தில் இரண்டு பிரெஞ்சுக்காரர்களைக் கொஞ்சம் திட்டியாக வேண்டும். சிட்ரோயன் கார் கம்பெனியில் டி காஸ்டெல்ஜோ 1959இலேயே கைப்பிடி வைத்த இந்த வளைவுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார். கம்பெனி அதை வெளியே விடாமல் பூட்டி வைத்தது. அப்படியே விட்டிருக்கலாம். 1960களில் ரெனோவில் இருந்த பெசியே ஊரறியச் சொல்லிவிட்டார். பெயரும் அவருக்கே போனது. அவர்களுக்கென்ன, காரின் தகரம் சொன்னபடி வளைந்தது. தோகைக் கண்ணை அவர்கள் பார்த்ததில்லை.

ஒருவழியாகக் கண் உருண்டது. நிறம் கொடுத்தேன். ஏறவில்லை. பாதை எங்கோ திறந்திருக்கிறது. எங்கே? இரண்டு நோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொண்டு, சேராமலே சேர்ந்ததுபோல நடிக்கின்றன. வலைபோட்டுப் பிடித்து இணைத்தால் வேறு ஜோடி மாட்டி, அலகிலிருந்து வாலுக்கு ஒரு நேர்கோடு ஓடுகிறது.

தண்ணீர் குடிக்க எழுந்துவந்த மனைவி சிறிது நேரம் நின்று பார்த்தாள். “வட்டம்தானே? இதைத் தூக்கிப் போட்டுட்டு வட்டம் போடற டூல்ல புதுசா ஒண்ணு போட்டுடுங்களேன்” என்றாள்.

பேசுவது சுலபம். அந்த 0.03 சதவீதத்துக்கு யார் பதில் சொல்வது?